டெரிஞ்சர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

டெக்சாஸில் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக கேஸ் ஸ்டேஷன், மளிகைக்கடை, மோட்டல் என்று ராத்திரியில் கல்லாவில் உட்காருகிறவர்களுக்கு. இடுப்பில் இருக்கிற கைத்துப்பாக்கி போக, பேக்கப்புக்கு ஒரு டெரிஞ்சரும், அதாவது உள்ளங்கையில் அடங்கும் சின்னத் துப்பாக்கியும், பாக்கெட்டில் இருக்கட்டும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், வாங்குவதற்கு முன்னால் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் முதலில் தோட்டாக்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

ஹூஸ்டனுக்கு வெளியே நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து ஒரு கேஸ் ஸ்டேஷன் கடை நடத்துகிறோம். ராத்திரி ஷிஃப்ட் பெரும்பாலும் என்னுடையது. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த கடையில் ஒரு நாள் முகமூடிக்காரர்கள் புகுந்து கல்லாவை அள்ளிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. வகுப்புக்குப் போய், சுட்டுக் காட்டி, லைசென்ஸ் வாங்கியவன் நான். இடுப்பில் ஒரு 9 எம்எம் இருந்தது. ஆனாலும் யாராவது அதைப் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் விடவில்லை. அந்தப் பயத்தோடுதான் அந்தத் துப்பாக்கிக் கடைக்குள் போனேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல், இரண்டே தோட்டா, தோட்டா அளவு .38 ஸ்பெஷல். தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசியை அடிக்கிற சுத்தியல் பின்பக்கம் இருக்கும், ஒவ்வொரு தடவையும் அதைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்து வைத்துத்தான் சுட வேண்டும். விசையைச் சுற்றி வளையம் கிடையாது. பழைய துப்பாக்கிதான், ஆனால் முழுக்க ஸ்டீல், எங்கள் ஆள் சோதித்துத்தான் உள்ளே வைத்திருக்கிறார் என்றார் விற்பனையாளர். லிங்கனைச் சுட்டது இந்த வகைதான், 150 வருஷமாக ஜனங்கள் நம்பிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்ட துப்பாக்கி என்றும் சொன்னார். விலை 260 டாலர். படிவம் நிரப்பினேன், பின்னணிச் சோதனை பத்து நிமிஷத்தில் முடிந்தது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று ரசீதின் அடியில் அச்சடித்திருந்தது. இங்கே பல துப்பாக்கிக் கடைகளில் அதுதான் வழக்கம். அதில் எனக்குக் குறையில்லை.

கிளம்பும்போது நான் கேட்டேன்: "தோட்டா போட்டு வைத்திருக்கும்போது சுத்தியலை எந்த நிலையில் விடவேண்டும்?" முழுக்க இறக்கி விடுங்கள், அதுதான் பத்திரம், பாதியில் நிறுத்தினால் வழுக்கிவிடும் என்று பதில் வந்தது. கூடவே பழைய தோல் உறை ஒன்றைச் சும்மா கொடுத்தார். பார்ப்பதற்கு மணிபர்ஸ் மாதிரியே இருக்கும். நடுவில் விரல் போக ஒரு ஓட்டை. துப்பாக்கியை வெளியே எடுக்காமல் பர்ஸோடு நீட்டியபடியே சுடலாமாம். பர்ஸைக் கேட்கும் திருடனுக்கு நல்ல பதில் என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாலு மாதம் அப்படியே பேண்ட் பாக்கெட்டில் வைத்திருந்தேன். கடையில் பெட்டி தூக்கும்போதும் இருந்தது, கார் ஓட்டும்போதும் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் என் சின்ன மகள் ஓடிவந்து மடியில் ஏறுவாள். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்கு முன்னால் எத்தனை நாள் அவள் அப்படி ஏறியிருக்கிறாள் என்று எண்ணிப் பார்க்கவே இப்போது நெஞ்சு பதறுகிறது.

வாங்கியதும் போய்ச் சுட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் நாலு மாதம் கழித்துத்தான் ரேஞ்சுக்குப் போனேன். இலக்கு 7 கெஜத்தில். முதல் வெடியிலேயே பிடி கையை விட்டு மேலே எகிறி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் கிழிந்தது. மொத்த எடையே முந்நூறு கிராமுக்குச் சற்று மேல்தான், பிடிக்க இரண்டு விரலுக்குத்தான் இடம். விசையையும் நேராகப் பின்னால் இழுத்தால் வராது, கீழ்நோக்கி அழுத்தி இழுக்க வேண்டும். அவ்வளவு பலம் கொடுத்து அழுத்தும்போது குழலின் நுனி தாழ்ந்துவிடுகிறது.

இரண்டாவது தோட்டாவுக்கு வெறும் டிக் சத்தம்தான் வந்தது. விதிப்படி குழலை இலக்கின் பக்கமே நீட்டி 30 விநாடி காத்திருந்தேன். வெடிக்கவில்லை. அன்று கீழ்க்குழலில் போட்ட பத்தில் நாலு வெடிக்கவில்லை. மொத்தமே இரண்டு தோட்டா உள்ள துப்பாக்கியில் ஒன்று இப்படி. மற்றதெல்லாம் கைவிட்டுப்போன நேரத்தில் நம்பி எடுக்கிற பொருள் இது என்று நினைத்துப் பாருங்கள்.

ரேஞ்சில் வேலை பார்ப்பவர் ஒரு கன்ஸ்மித்தின் முகவரியைத் தந்தார். துப்பாக்கி பழுது பார்க்கும் பெரியவர், நாற்பது வருஷத் தொழில். நான் கொண்டுபோனதைப் பார்த்தவுடன் மேஜை டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். துப்பாக்கியின் ஃபிரேமில், அதாவது உடல் பாகத்தில் வைத்தார், ஒட்டவில்லை. குழலின் வெளிப்பக்கத்தில் வைத்தார், அங்கேயும் நிற்கவில்லை. உள்ளே செருகியிருக்கும் மெல்லிய குழாய் மட்டும்தான் ஸ்டீல், மற்றதெல்லாம் துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோமியம் பூசியது என்றார். காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உண்டு என்று அவரே சொல்லி, பூச்சு தேய்ந்த ஓரத்தில் தெரிந்த சாம்பல் நிறத்தையும் காட்டினார். புதிதாக இருந்தபோதே நூறு டாலருக்குள் விற்ற சரக்கு, செய்த கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிறது, உதிரிப்பாகம் கிடைக்காது. குழலை மடிக்கும் கீலில் மெல்லிய விரிசல் ஒன்று ஓடியிருந்தது.

அதுவரை பணம் போனது என்றுதான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நான் பாக்கெட்டில் வைத்திருந்த அந்த இரண்டு தோட்டாக்களைக் கேட்டார். ரேஞ்சில் அவற்றைச் சுடவில்லை, வேறு பெட்டியிலிருந்து எடுத்துத்தான் சுட்டேன். ஒன்றின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். நடுவில் இருக்கும் பிரைமரில், அதாவது ஊசி அடித்தவுடன் தீப்பற்றும் அந்தச் சின்னக் குமிழில், ஊசிமுனை பதிந்த ஒரு குழி இருந்தது. சுடாத தோட்டா அது. நாலு மாதமாக என் தொடைமேல் இருந்தது.

காரணத்தை அவர் விளக்கினார். சுத்தியலை முழுக்க இறக்கிவிட்டால் அது ஊசியை முன்னால் தள்ளியபடியே நிற்கும். ஊசிமுனை பிரைமரில் முட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலின் முதுகில் ஒரு அடி விழுந்தால் போதும். அடித்துவிட்டுத் தானாகவே சற்றுப் பின்வாங்கி நிற்கும் சுத்தியல், குறுக்கே தள்ளும் பூட்டு, இதெல்லாம் இன்றைக்கு நல்லபடியாகச் செய்யும் டெரிஞ்சர்களில் உண்டு. இதில் இரண்டுமே இல்லை. பாதி இழுத்து நிறுத்தும் வெட்டு ஒன்று இருக்கிறது. இந்த வகையை அந்த நிலையில்தான் வைக்கச் சொல்வார்கள், ஆனால் இதில் அந்த வெட்டும் தேய்ந்து போயிருந்தது. ஆக, தோட்டா போட்டு வைக்க இந்தத் துப்பாக்கியில் பத்திரமான நிலை என்று ஒன்றுமே இல்லை.

நான் நம்பாமல் பார்த்திருப்பேன் போலிருக்கிறது. மருந்தும் குண்டும் இல்லாமல் பிரைமர் மட்டும் பொருத்திய வெறுங்கூட்டைக் குழலில் போட்டு, சுத்தியலை இறக்கிவைத்து, மரச்சுத்தியால் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். பட்டென்று வெடித்தது. பலமான அடியெல்லாம் இல்லை. பாக்கெட்டிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தால் படுகிற அடிதான். மூன்று முறை செய்தார், இரண்டு முறை வெடித்தது.

இவ்வளவுக்கும் பிறகு அந்தத் தோல் பர்ஸைப் பார்த்ததும் அவர் முகம் இன்னும் மாறியது. இதை நான் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். பர்ஸுக்குள் வைத்தபடியே சுட முடிகிற மாதிரி துப்பாக்கியும் உறையும் சேர்ந்து இருந்தால், அமெரிக்க மத்தியச் சட்டத்தில் அது சாதாரணக் கைத்துப்பாக்கி இல்லை. 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் தனியாகப் பதிவு செய்ய வேண்டிய ஆயுதம். பதிவு இல்லாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. டெக்சாஸ் லைசென்ஸ் இதற்கு உதவாது. நான் கிரீன் கார்டில் இருப்பவன். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வாங்கினால் நாடு கடத்தவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வீடு, கடை, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் ஒரு இலவசத் தோல் உறைக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அதைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டேன்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நம் பையன்கள் பலருக்கு இது தெரிவதில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பது, சட்டம் சொல்லும் வயதும், துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியும் உள்ளவர்களுக்குத்தான். ஹெச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டத்தில் குற்றம். நண்பரின் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்வதும் அதில் சேரும்.

மறுநாள் கடைக்குப் போனேன். மச்சானும் கூட வந்தான். விற்ற அதே ஆள்தான் இருந்தார். குழி விழுந்த தோட்டாவைக் காட்டினேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். ஸ்டீல் என்றும் சொல்லவில்லையாம். ரசீதில் 'டெரிஞ்சர், .38, பழையது' என்பதைத் தவிர ஒன்றும் எழுதவில்லை. கடைசியில் 30 டாலருக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். வாங்கி அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கண்ணாடிப் பெட்டியைக் கை காட்டினார். "வேண்டாம் அத்தான், வாங்க போகலாம்" என்று மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டான். அந்த 30 டாலரை வாங்கியிருந்தால், அடுத்த வாரம் இன்னொருவர் அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தன் பிள்ளையைத் தூக்கியிருப்பார்.

அந்த 150 வருஷப் பேச்சைப் பற்றியும் பிறகு விசாரித்தேன். 1865-இல் லிங்கனைச் சுட்டது ஃபிலடெல்ஃபியாவின் ஹென்றி டெரிஞ்சர் செய்த வகை, ஒரே குழல், ஒரே வெடி. இரட்டைக்குழல் வடிவம் அதற்குப் பின் ரெமிங்டன் கம்பெனி கொண்டுவந்தது, 1866 முதல் 1935 வரை விற்றார்கள். அதன் .41 தோட்டா விநாடிக்கு 425 அடி வேகத்தில்தான் போகும். சீட்டாட்ட மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற ஆளைச் சுடுவதற்கு அது போதுமாக இருந்தது. அந்த வடிவம் வந்த காலத்தில் பாக்கெட்டில் போட நல்ல துப்பாக்கிகள் இவ்வளவு கிடைக்கவில்லை. இன்றைக்கு நிலைமை அப்படியா? 2008-இல் வந்த ரூகர் எல்சிபி என்ற சின்னக் கைத்துப்பாக்கி 9.4 அவுன்ஸ், அதாவது என் டெரிஞ்சரைவிட எடை குறைவு, தோட்டா ஏழு. அதே வருஷம், கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்பு உண்டு என்று தெரிந்ததும் அந்தக் கம்பெனி முதலில் விற்றவற்றைத் திரும்பக் கூப்பிட்டுச் சரிசெய்து கொடுத்தது. என்னிடம் இருந்ததற்கு அப்படிக் கூப்பிட ஆளே இல்லை.

நல்ல ஸ்டீலில் டெரிஞ்சர் செய்பவர்கள் இந்த டெக்சாஸிலேயே இருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனாலும் இரண்டே தோட்டா, கை நடுங்கும் நேரத்தில் கட்டைவிரலால் சுத்தியலை இழுக்க வேண்டும், மறுபடி நிரப்பக் குழலை மடித்துக் காலிக்கூட்டை நகத்தால் நெம்ப வேண்டியும் வரலாம். எனக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டுமென்றால் காந்தத்தோடு போங்கள். தோட்டா இல்லாமல் சுத்தியலை முழுக்க இறக்கச் சொல்லி, குழலைத் திறந்து, ஊசிமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். விற்பவர் சொல்வதையெல்லாம் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

துப்பாக்கியைக் கன்ஸ்மித் பெரியவரிடமே கொடுத்து அறுத்துப் போடச் சொன்னேன். ஃபிரேமை எந்த இடங்களில் அறுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கூலி வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்தி 20 டாலர் கொடுத்தேன். போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். நான் வாங்கிய இடத்தில் அதே மாதிரி இரண்டு இருக்கின்றன, 240 டாலர் என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்.