கேடிஸ் ஈயின் புழுவுக்குப் பெயர் தேடும் மூன்று வழிகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓர் ஓடையில் இறங்கி, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். மணலைப் பட்டு நூலால் ஒட்டிக் கட்டிய சின்னச் சின்னக் கூடுகள் தெரியும். உள்ளே இருப்பது கேடிஸ் ஈயின் புழு; புழுவாகத் தண்ணீரிலும், வளர்ந்தபின் வெளியே பறந்தும் வாழும் பூச்சி இது. அன்று இரவு அதே கரையில் புற ஊதா விளக்கை ஏற்றி, அடியில் ஆல்கஹால் ஊற்றிய வெள்ளைத் தட்டை வைத்தால், இறக்கையெல்லாம் மயிர் படர்ந்த பூச்சிகள் வந்து விழும். பகலில் பார்த்த புழுதான் இரவில் விழுந்த பூச்சியா? இதில்தான் சிக்கல்.

இந்தக் கூட்டத்தில் புதிய சிற்றினம் என்று அறிவிப்பது பெரும்பாலும் ஆண் பூச்சியின் பிறப்புறுப்பை வைத்துத்தான். வயிற்றை வெட்டியெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தசையைக் கரைத்து, நுண்ணோக்கியில் பார்த்து வரைகிறார்கள். இலங்கையின் கேடிஸ் ஈக்கள் பற்றி ஃபெர்னான்ட் ஷ்மிட் 1958இல் வெளியிட்டதும், தென்கிழக்காசியாவுக்கு ஹன்ஸ் மலிக்கி 2010இல் கொண்டுவந்த தொகுப்பும் இத்தகைய கோட்டோவியங்களை நம்பியவை. புழுக்கள் பேரினப் பெயரோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ஓடையில் வாழும் பூச்சிகளை வைத்து நீரின் தரம் பார்க்கப் போகிறவருக்குக் கிடைப்பது புழுதான்.

முதல் வழி, புழுவை வளர்த்துப் பூச்சியாக்குவது. கேட்க எளிது. மலையோடைப் புழுவுக்குக் குளிர்ந்த, ஓடுகிற, காற்றோட்டமுள்ள தண்ணீர் வேண்டும். வலை பின்னும் வகைகளுக்கு நீரோட்டம் நின்றால் சாப்பாடே இல்லை. ஒருமுறை ஈரப் பாசியில் பொதிந்து நாற்பது புழுக்களைக் கீழே கொண்டுவந்து தொட்டியில் விட்டேன். நள்ளிரவில் மின்சாரம் போனது, காற்றுப் பம்பு நின்றது. விடிந்தபோது நாற்பதும் மிதந்தன. பிழைத்து வந்தாலும் வெளிவருவது பெண்ணாக இருந்தால் பாதி வேலைதான் முடியும், ஏனென்றால் பல பெண் பூச்சிகளுக்கு இன்னும் அடையாளம் எழுதப்படவில்லை. கூடு கட்டும் விதத்தையும் தின்னும் விதத்தையும் நேரில் பார்க்க வேறு வழியில்லை என்பதால் இதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். பெயர் தேடுவதற்காக மட்டும் இதில் இறங்குவது வீண்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது: முதிர்ந்த கூட்டுப்புழுவைத் தேடுவது. கூட்டுப்புழுவாகும் நேரம் வந்ததும் புழு தன் கூட்டைக் கல்லோடு இறுக ஒட்டி, வாயைப் பட்டால் அடைத்துக்கொள்கிறது. உள்ளேயே தோலுரிக்கிறது. அந்தத் தோல் பல வகைகளில் வெளியே போவதில்லை, கூட்டின் பின்மூலையில் பாம்புச் சட்டைபோல் சுருண்டு கிடக்கிறது. நுனி மெல்லிய இடுக்கியால் கூட்டைப் பிளந்தால் பழுப்பு நிறத் தலை ஓடும் தாடையும் கால் துண்டுகளும் கொத்தாக வரும். புழுவை அடையாளம் காண வேண்டிய கெட்டிப் பாகங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. முன்பக்கம் கூட்டுப்புழு. அதன் தோல் வழியே உள்ளே தயாராகிவிட்ட ஆண் பூச்சியின் பிறப்புறுப்பு தெரிந்தால் கதை முடிந்தது. புழு, கூட்டுப்புழு, பூச்சி மூன்றும் ஒரே உடலில், ஒரே சிமிழில். ஆய்வகமும் வேண்டாம், செலவும் இல்லை.

குறை நேரத்தில்தான். உறுப்பு முழுதாக உருவாகி, பூச்சி கூட்டை அறுத்து வெளியேறும் வரை உள்ள இடைவெளி மிகக் குறுகியது. கொஞ்சம் முந்திப் பிளந்தால் உள்ளே வெறும் கூழ், பிந்தினால் காலிக் கூடு. மூடிய கூடுகளை நாள் முழுக்கப் பிளந்தும் ஒரு நல்ல ஆண்கூட கிடைக்காமல் திரும்பியிருக்கிறேன். உரித்த தோலைக் கூட்டிலிருந்து வெளியே தள்ளிவிடும் வகைகளும் உண்டு. அங்கே இந்த வழி எடுபடாது.

மூன்றாவது டி.என்.ஏ. புழுவின் ஒரு காலை எடுத்து, மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுத் துண்டை, வழக்கமாக 658 எழுத்துகளை, படித்துப் பூச்சியின் துண்டோடு ஒப்பிடுவது. சீனாவில் வலை பின்னும் ஹைட்ரோசைக்கிடே குடும்பத்தின் புழுக்களையும் பூச்சிகளையும் 2007இல் இப்படி இணைத்துக் காட்டினார்கள். மைட்டோகாண்ட்ரியா மரபணுவோடு உட்கருவின் மரபணு ஒன்றையும் சேர்த்துப் பார்த்ததுதான் அதில் கவனிக்க வேண்டியது. இளம் புழு, பெண் பூச்சி, பாதி உடைந்த மாதிரி என்று எது கிடைத்தாலும் ஓடும் என்பது இதன் பலம். மற்ற இரண்டும் இதில் கிட்டே நெருங்க முடியாது.

ஆனால் பெயர் தெரிந்த ஆண் பூச்சியின் துண்டு ஒப்பிடும் பட்டியலில் இல்லாவிட்டால், கிடைக்கும் விடை "இது எதனோடும் பொருந்தவில்லை" என்பதுதான். நம் ஓடைகளில் அடிக்கடி நடப்பது இதுவே. மாதிரியைப் பார்மலினில் போட்டிருந்தால் தொலைந்தது. நல்ல ஆல்கஹாலில் போட்டாலும் புழுவின் உடல்நீர் அதை நீர்க்கச் செய்துவிடும், மறுநாளே மாற்ற வேண்டும். மாதிரியை ஆய்வுக்கு வெளிநாடு அனுப்ப நினைத்தால் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் குறுக்கே வரும். அனுமதிக் காகிதம் வரும் வேகத்தை ஓடைப் பூச்சியின் ஆயுளோடு ஒப்பிடாமல் இருப்பது நல்லது.

டி.என்.ஏ துண்டை மட்டுமே நம்பிப் பெயர் வைத்துவிடலாம் என்பாரும் உண்டு. 2021இல் கோஸ்டா ரிகாவின் ஒட்டுண்ணிக் குளவிகளில் 403 புதிய சிற்றினங்களைப் பெரும்பாலும் அப்படித்தான் அறிவித்தார்கள், பெரிய சண்டை நடந்தது. வேகம் புரிகிறது. ஆனால் ஓடைக்கரையில் கைலென்ஸோடு நிற்பவருக்கு எழுத்துச் சரத்தால் என்ன பயன்? புழுவின் தலையில் உள்ள புள்ளிகளையும் மார்புத் தகட்டின் மயிர்களையும் யாராவது வரைந்தே ஆக வேண்டும்.

அறியாத ஓடைக்குப் போனால் முதலில் விளக்கை ஏற்றி ஆண்களைப் பிடியுங்கள், பகலில் மூடிய கூடுகளைத் தேடுங்கள். கூட்டுப்புழுவில் பொருத்தம் கிடைத்துவிட்டால் அதிலிருந்தே ஒரு காலை வெட்டித் தனிச் சிமிழில் வையுங்கள். அந்த ஒரு கால், பிறகு வரும் நூறு புழுக்களுக்கும் பெண்களுக்கும் டி.என்.ஏ வழியைத் திறந்துவிடும். கூடு காலியாக இருந்தால் மட்டும் நேராக டி.என்.ஏ. சிமிழில் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து, எந்த ஓடை என்றே தெரியாத இருபது சிமிழ்கள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன.