மாஸ்க்கா, ஹெல்மெட்டா, தீவனத்தையே மாற்றுவதா?

பூஞ்சை பிடித்த காய்ந்த புல் கட்டைப் பிரித்த அன்று, ஆறேழு மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு முட்டல். இரண்டு நாளில் தானாக அடங்கிவிடும். ஃப்ளூ என்றே நினைத்துப் பல தடவை மாத்திரை போட்டுப் படுத்திருக்கிறேன். 'விவசாயி நுரையீரல்', அதாவது பூஞ்சைத் தூசிக்கு நுரையீரலில் வரும் ஒவ்வாமை என்று டாக்டர் சொன்ன பிறகு என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. மாடுகளை விற்பது நாலாவது. அதற்கு மனசு வரவில்லை.

ஸ்டீராய்டை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. 1992-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு ஒன்றில், மருந்து எடுத்தவர்கள் முதல் மாதத்தில் நுரையீரல் திறனில் முந்தினார்கள். 5 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் எடுக்காதவர்களோடு வித்தியாசமில்லை. அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

என்95 மாஸ்க் எளிது. ஆனால் தாடி இருந்தால் விளிம்பில் காற்று கசியும், வியர்த்தால் கழற்றத் தோன்றும். பேட்டரி விசிறி வைத்த ஹெல்மெட் இதைவிட எவ்வளவோ மேல்: வடிகட்டிய காற்று முகத்தில் வீசும், முழுத் தலையையும் மூடுகிற வகைக்குத் தாடி பிரச்சினையில்லை. நான் முதலில் வாங்கியது அதைத்தான்.

என்னைத் தோற்கடித்தது அதன் பராமரிப்பு. சார்ஜ் போட மறந்த நாள், ஃபில்டர் மாற்றத் தள்ளிப்போட்ட வாரம், 'ஒரே ஒரு கட்டுதானே' என்று வெறும் முகத்தோடு உள்ளே போன ஐந்து நிமிடம். ஒருமுறை ஒவ்வாமை வந்த நுரையீரலுக்கு அந்த ஐந்து நிமிடமே போதும். எப்போதாவது ஒருமுறை வந்த தாக்குதல் பெரும்பாலும் மாதக்கணக்கில் ஆறிவிடும். திரும்பத் திரும்ப வந்தாலோ, கொஞ்சம் கொஞ்சமாகத் தூசி போய்க்கொண்டே இருந்தாலோ, தழும்பு விழுந்து நுரையீரல் விறைத்துப்போகும். சிலருக்குப் புகைபிடிக்காமலே எம்பிசீமா, அதாவது நுரையீரலின் காற்றுப்பைகள் சிதையும் நோய், வரும். இதில் ஏமாற்றுவது ஊதிப் பார்க்கும் சோதனை. அது நன்றாக இருந்தும், ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகும் திறனைக் காட்டும் டிஎல்சிஓ குறைந்தே கிடக்கலாம். எனக்கு அப்படித்தான்: ஊதும் அளவு மீண்டது, டிஎல்சிஓ முழுசாக மீளவில்லை. மேடு ஏறும்போது தெரிகிறது.

அதனால் சைலேஜுக்கு, அதாவது புளிக்கவைத்த பச்சைத் தீவனத்துக்கு, மாறினேன். ஈரத்தோடு அடுக்கிய புல் உள்ளே சூடேறுவதால்தான் இந்த நோயைக் கிளப்பும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. பச்சைத் தீவனத்தைக் காற்றுப்புகாமல் அழுத்தி மூடினால் புளித்து அமிலமாகும். எடுக்கும்போது ஈரமாக இருப்பதால் தூசியும் பறக்காது. கவனம் முழுவதும் மூடும் அந்தச் சில நாட்களில் தேவை; தினமும் காலையில் என் ஒழுக்கத்தை நம்பத் தேவையில்லை.

குறைகளும் உண்டு. புதிதாக மூடியதில் முதல் சில வாரம் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற நச்சு வாயு சேரும். சைலேஜை அடைத்து மூடிய சைலோவுக்குள் (தீவனக் கிடங்கு) தலையை விட்டால் உயிருக்கே ஆபத்து. காற்று பட்ட மேல் அடுக்கிலும் பூஞ்சை வரும், அதுவும் இதே நோயைக் கொடுக்கும். நான் மாறி இரண்டு வருடம்தான் ஆகிறது, மாடுகளும் சில. பெரிய தொழுவத்தில் எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. இதுவரை காய்ச்சல் திரும்பவில்லை, டிஎல்சிஓவும் இறங்கவில்லை.

ஹெல்மெட்டை விற்கவில்லை. மேல் அடுக்கைச் சுரண்டி எறியும் நாளுக்கு அது வேண்டும். அதற்கு முந்தின ராத்திரி மட்டும் சார்ஜ் போடுகிறேன்.