வீட்டுக்கு ஒரே கார், ஓட்ட ஒரு புதுக் கை: எந்தக் காப்பீடு சரிப்படும்?

பிள்ளைக்கு லைசென்ஸ் வந்த அன்றைக்குத்தான் பாலிசிக் காகிதத்தை முதல் தடவையாக முழுசாகப் படிக்கிறோம். அதுவரை வருஷத்துக்கு ஒரு முறை பணம் கட்டி அலமாரியில் போட்டு வைத்த சமாச்சாரம்தான். ஏஜென்டைக் கேட்டால் ஒன்று சொல்வார், சொந்தக்காரர் வேறொன்று சொல்வார், கடைசியில் எது மலிவோ அதை எடுத்துவிடுவோம். அங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் ஒரு பிரிவினை. இந்தியாவில் காப்பீடு வண்டியோடு ஒட்டியது. உரிமையாளர் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் சரி, வீட்டில் யார் யார் ஓட்டுவார்கள் என்று பொதுவாகக் கேட்பதில்லை. அங்கே கவனிக்க வேண்டியது வேறு: கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு வண்டியின் உரிமையாளருக்கானது, அப்பா பெயரில் உள்ள காரை மகன் ஓட்டிப்போய் அடிபட்டால் அது அவனுக்கு வராது. பிரிட்டனில் யார் ஓட்டப்போகிறார்களோ அவர்கள் பெயர் பாலிசியில் இருக்க வேண்டும். அமெரிக்கா, கனடாவிலும் வீட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களைச் சொல்லச் சொல்வார்கள். இனி நான் ஒப்பிடுவதெல்லாம் இப்படி ஆளைக் கேட்கும் ஊர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

இளசுகளுக்கு ஏன் இவ்வளவு பிரீமியம் என்று எரிச்சல் வரும், வரட்டும். அமெரிக்கக் கணக்குப்படி, ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் 16 முதல் 19 வயதுக்காரர்களின் உயிர்ச்சேத விபத்து 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு. நம் வீட்டுப் பிள்ளை நிதானமானவன் என்பது நமக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது. மகள் என்றால் குறையுமா என்று கேட்பவர்களுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 டிசம்பர் 21 முதல் ஆண், பெண் என்று பார்த்துப் பிரீமியம் போடக்கூடாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெற்றோரின் பாலிசியில் பிள்ளையைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பதா, அல்லது அவன் பெயரில் தனிக் காரும் தனிப் பாலிசியுமா? பெரும்பாலான வீடுகளில் போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சேர்த்துவிட்டால் பிரீமியம் ஏறும், ஆனால் தனியாக எடுப்பதைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். பலர் அதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். முடிக்காதீர்கள். அவன் இடித்தால் க்ளெய்ம் உங்கள் பாலிசியில் விழுகிறது, வருஷக்கணக்காகச் சேர்த்த நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்மே போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, உங்களுடையது. போனஸ் 50% இருந்து அது மொத்தமாகப் போனால் 50 கட்டிய இடத்தில் 100, அதாவது இரட்டிப்பு. சில நாடுகளில் ஓரிரு படி மட்டும் இறங்கும், சில இடங்களில் ஒரே க்ளெய்மில் பூஜ்யம். இது போதாதென்று இளம் ஓட்டுநருக்குக் கூடுதல் எக்ஸஸ் போட்டிருப்பார்கள், அதாவது க்ளெய்மில் நாம் கைக்காசு போடும் பங்கு. பிரீமியத்தைக் காட்டும் பக்கத்தில் இது கண்ணில் படாது, தேடித்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, கூடுதல் ஓட்டுநராக 5 வருஷம் ஒழுங்காக ஓட்டியும் பல கம்பெனிகளில் அவன் பெயரில் ஒரு போனஸும் சேர்ந்திருக்காது.

தனிப் பாலிசி நேர்மாறு. ஆரம்பத்தில் பிரீமியம் கண்ணைக் கட்டும், பழைய காராக இருந்தால் வண்டி விலையையே தாண்டிவிடவும் கூடும். ஆனால் அவன் போனஸ் அவனுக்குச் சேரும், அவன் இடித்த இடி உங்கள் தலையில் விழாது. அடுத்தவருக்கு ஆன சேதத்துக்கு மட்டும் கொடுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு போதும் என்று நினைத்தால், அதற்கும் நம் வண்டிக்கும் சேர்த்துக் கொடுக்கும் முழுக் காப்பீட்டுக்கும் சேர்த்தே விலை கேளுங்கள். பிரிட்டனில் சில நேரம் முழுக் காப்பீடுதான் மலிவாக வரும், ஏனென்றால் குறைந்த காப்பு கேட்டு வருகிறவர்களே அதிகம் இடிக்கிறார்கள் என்பது கம்பெனியின் கணக்கு. அம்மாவும் உண்மையிலேயே அந்த வண்டியை எடுப்பார் என்றால் அவரை இரண்டாவது ஓட்டுநராகப் போட்டும் ஒரு விலை கேட்டுப் பார்க்கலாம், பல நேரம் இறங்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். வாரத்தில் 5 நாள் மகள்தான் கல்லூரிக்கு எடுத்துப் போகிறாள், அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொடுகிறார், காகிதத்தில் மட்டும் முதன்மை ஓட்டுநர் அப்பா. பிரிட்டனில் இதற்கு ஃப்ரண்டிங் என்று பெயரே உண்டு, மோசடியாகத்தான் பார்ப்பார்கள். விபத்து நடந்த பிறகுதான் வண்டி தினமும் எங்கே நின்றது, யார் எடுத்தார்கள் என்று விசாரணை வரும். க்ளெய்மை மறுக்கலாம், பாலிசியை ரத்து செய்யலாம், எதிராளிக்குக் கொடுத்த பணத்தை உங்களிடமே வசூலிக்கவும் செய்யலாம். ரத்தான கதையை அடுத்தடுத்த கம்பெனிகள் கேட்கும்போதெல்லாம் சொல்லியாக வேண்டும். மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று அப்போது யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

டெலிமேட்டிக்ஸ் பற்றி எனக்கு இரண்டு மனசு. வண்டியில் ஒரு கருப்புப் பெட்டி அல்லது போனில் ஒரு செயலி, வேகம், பிரேக், வளைவில் திருப்பும் விதம், இரவு எத்தனை மணிக்கு ஓட்டுகிறோம் என்பதையெல்லாம் அளக்கும். நிதானமாக ஓட்டினால் விலை குறையும், புதிதாக ஓட்டுபவனுக்கு ஒரு கடிவாளமும் ஆகும். வீட்டில் பலர் ஓட்டும் காரில்தான் சிக்கல். பெட்டிக்கு யார் ஓட்டுகிறார்கள் என்று தெரியாது, அப்பா அவசரத்தில் அழுத்திய பிரேக்கும் மகன் கணக்கில் ஏறும். (வீட்டில் யார் மோசமாக ஓட்டுகிறார்கள் என்ற பழைய சண்டைக்கு ஆதாரம் கிடைக்கும் என்பது தனிக் கதை.) செயலி என்றால் நண்பன் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து போனதையும் இவன் ஓட்டியதாக எடுத்துக்கொள்ளலாம், அப்போதைக்கப்போது திருத்த வேண்டும். தனி வண்டிக்கு நல்லது, 3 பேர் மாறி மாறி எடுக்கும் வண்டிக்கு யோசித்துச் செய்யுங்கள்.

விடுதியில் தங்கிப் படித்து விடுமுறைக்கு மட்டும் வரும் பிள்ளைக்கு வருஷம் முழுக்கப் பணம் கட்டுவது வீண். பிரிட்டனில் ஒரு மணி நேரத்திலிருந்து சில வாரங்கள் வரை தற்காலிகப் பாலிசி கிடைக்கிறது. அது தனிப் பாலிசி என்பதால் அதில் வரும் க்ளெய்ம் பொதுவாக உங்கள் போனஸைத் தொடாது. வாராவாரம் எடுக்கத் தொடங்கினால் மட்டும் கூட்டிப் பாருங்கள், சேர்த்துவிடுவதே மலிவாகிவிடும். அமெரிக்காவில் வீட்டிலிருந்து 100 மைலுக்கு அப்பால் வண்டியில்லாமல் படிப்பவர்களுக்கும், நல்ல மதிப்பெண் வாங்குபவர்களுக்கும் பல கம்பெனிகள் தள்ளுபடி தருகின்றன. கேட்டால்தான் தருவார்கள்.

அங்கேயே சில மாநிலங்களில் பிள்ளையின் பெயரைக் குறிப்பிட்டே விலக்கிவிடும் வழியும் உண்டு. பிரீமியம் ஏறாது, ஆனால் நடுராத்திரியில் யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவன் சாவியை எடுத்தால் காப்பு இருக்காது. சாவி ஆணியில் தொங்கும் வீட்டுக்கு இது ஆகாது.

என் ஓட்டு: எப்போதாவது எடுப்பவனாக இருந்தால் பெற்றோர் பாலிசியில் சேருங்கள், கையில் கொஞ்சம் காசு இருந்தால் க்ளெய்ம் வந்தாலும் போனஸ் போகாமல் காக்கும் போனஸ் பாதுகாப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள், சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடும் முன் எக்ஸஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தினமும் அவன்தான் ஓட்டுகிறான் என்றால், விலை கசந்தாலும் முதன்மை ஓட்டுநராக அவன் பெயரைத்தான் எழுத வேண்டும். அப்புறம், நடு வருஷத்தில் அவனுக்கு வேலை கிடைத்து காரைத் தினமும் எடுக்கத் தொடங்கினால் புதுப்பிக்கும் தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள்.