ரிவால்வர் கிளீனிங் கிட் ஆன்லைனில் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள் – எனக்குப் போனது 214 டாலர்

வயிறு எரிகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இங்கே டெக்சாஸில் முறைப்படி ரிவால்வர் வாங்கி, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய்வந்து, வீட்டிலேயே துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிற நம்மவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

என்னிடம் இருப்பது பழைய ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10, .38 ஸ்பெஷல். 1899இல் ஆரம்பித்த வரிசை அது. அந்தக் காலத்து புளூயிங் (துருப்பிடிக்காமல் இருக்க இரும்பின் மேல் ஏற்றும் நிறம்), கருநீலமாக, கண்ணாடி மாதிரி இருந்தது. இதுவரை அதைச் சுத்தம் செய்ததெல்லாம் வீட்டுச் சாமான்களை வைத்துத்தான். பழைய டூத்பிரஷ், கிழித்த பனியன் துணி, மூங்கில் சாப்ஸ்டிக், ஒரு பாட்டில் ஹாப்பிஸ் நம்பர் 9 என்கிற துப்பாக்கி துடைக்கும் சால்வென்ட். சுட்ட காலிக் குப்பிகளை வெளியே தள்ளுகிற எக்ஸ்ட்ராக்டர் ஸ்டாருக்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் ஒட்டிக்கொண்டால், தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டர் சுற்றாமல் இறுகும். அதை டூத்பிரஷே எடுத்துவிடும். சிலிண்டரின் முன்முகத்தில் கெட்டிதட்டிப்போன கரிக்குத்தான் வெண்கல பிரஷ் வேண்டும். பக்கவாட்டு மூடித் தகடான சைடுபிளேட்டின் ஸ்குருவுக்கு, பள்ளத்தில் இறுக்கமாக உட்காருகிற, இரு பக்கமும் இணையாக இழைத்த முனையுள்ள டிரைவர் வேண்டும்.

இரண்டும் சேர்ந்த கிட் ஒன்று, பெரிய ஆன்லைன் சந்தை ஒன்றில், 84 டாலருக்கு இருந்தது. வாங்குவதற்கு முன்பே விற்பவரிடம் கேட்டேன்: பிரஷ் முழு வெண்கலமா, இல்லை மேலே பூச்சா? "முழு வெண்கலம் சார், நானே என் ரிவால்வருக்கு இதைத்தான் போடுகிறேன்" என்று உடனே பதில். கேட்காமலேயே ஒரு வீடியோவும் வந்தது: புளூயிங் போட்ட சிலிண்டர் ஒன்றில் அதே பிரஷ்ஷைத் தேய்க்கிறார், ஒரு கீறல் இல்லை. இவ்வளவு பொறுமையாகப் பேசுகிறவரை யார்தான் நம்பமாட்டார்கள்? பணத்தைக் கட்டினேன்.

கரி போனது. கூடவே புளூயிங்கும் போனது. முன்முகம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடு. துணியில் ஒரு கம்பி உதிர்ந்து கிடந்தது. ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன்; டக்கென்று தாவி ஒட்டிக்கொண்டது. தேய்ந்த நுனியில் மஞ்சள் உரிந்து இரும்பு பளிச்சிட்டது. டிரைவர் இன்னும் மோசம். ஆப்பு மாதிரி சரிந்த முனை, போதாததற்கு மெத்து இரும்பு. முதல் திருகலிலேயே வழுக்கி ஸ்குருவின் தலையைப் பிய்த்துவிட்டது. ஸ்குரு மாற்றவும் கோடுகளைச் சரிசெய்யவும் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் வாங்கியது 130. ஆக 214 டாலர். அவர் எவ்வளவு பார்த்துச் செய்தும் பழைய பளபளப்பு வரவில்லை.

அப்புறம்தான் அலைக்கழிப்பு. முதலில் "போட்டோ அனுப்புங்கள்". அனுப்பினேன். "வெளிச்சம் போதவில்லை, மறுபடி அனுப்புங்கள்". அதையும் செய்தேன். "நீங்கள் போட்ட சால்வென்ட்தான் காரணம்" என்றார்கள். காந்தத்தில் கம்பி ஒட்டுகிற வீடியோவை அனுப்பியதும் பேச்சே நின்றது. சந்தைக்காரர்களிடம் போனால், விற்பவரிடமே பேசுங்கள் என்று அங்கே திருப்பிவிட்டார்கள். இப்படி இழுத்தடித்தே ரிட்டர்ன் கெடு 30 நாளையும் ஓட்டிவிட்டு, "கெடு முடிந்துவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கையை விரித்துவிட்டார்கள். உழைத்துச் சம்பாதித்த 214 டாலர்!

எந்தக் கருவியை எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: பிரஷ் வந்ததும் ஒரு கம்பியைப் பிடுங்கிக் காந்தத்தில் வையுங்கள். நடுத்தண்டு நல்ல பிரஷ்ஷிலும் இரும்பாக இருக்கலாம், அதனால் கம்பியைத்தான் பார்க்க வேண்டும். ஒட்டினால் அன்றே திருப்பி அனுப்புங்கள். டிரைவர் முனை சரிவாக இருந்தால் ஸ்குரு பக்கமே கொண்டுபோகாதீர்கள். சைடுபிளேட்டை நெம்பாதீர்கள், பிடிச் சட்டத்தைச் சுத்தியலின் மரக்கைப்பிடியால் தட்டினால் அதுவே எழும்பும். கிட்டோடு வரும் ஈயம் எடுக்கும் துணி புளூயிங்கையும் சேர்த்து எடுத்துவிடும். எதைத் தொடுவதற்கு முன்னும் ஆறு அறையும் காலியா என்று பாருங்கள். விற்பவரோடு நடந்த சாட் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கார்டு கம்பெனியில் டிஸ்பியூட் போட்டிருக்கிறேன். நுகர்வோர் புகார்களைப் பார்க்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசிக்கும் புகார் போய்விட்டது. அந்த ஆள் அதே கிட்டை இன்றைக்கும் அதே 84 டாலருக்கு, "முழு வெண்கலம்" என்று போட்டே விற்றுக்கொண்டிருக்கிறார்.