எச்சரிக்கை: வீட்டு டிவியில் படம் திக்கித் திக்கி ஓடினால் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்

கடலூரில் டிவி, ரூட்டர், கண்காணிப்பு கேமரா எல்லாம் விற்று, வீட்டுக்கு வந்து பொருத்தியும் தரும் ஒரு கடையிடம் நான்கு மாதங்களில் 18,300 ரூபாய் கொடுத்தேன். எந்தக் கோளாறுக்காகக் கொடுத்தேனோ, அது கடைசியில் ஒரு பைசா செலவில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சரியானது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கிறபடி நடக்கட்டும். ஆனால் அவர்கள் செய்த காரியங்களை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதே வேலை இந்த ஊரில் இன்னும் பல வீடுகளில் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதுகிறவன். நான்கெல்லையில் ஓர் அடி பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். அப்படிப்பட்ட என்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் பணம் போனதைவிட உறுத்துகிறது.

மகளின் திருமணம் தை மாதத்தில் திருவந்திபுரம் மலைக்கோயிலில் நடந்தது. முகூர்த்த நாளில் அந்த மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: நூறு கல்யாணங்களுக்கு மேல் ஒரே நாளில் நடக்கும், எந்த மேளம் யாருடையது என்று கண்டுபிடிப்பதே பாடு. ஸ்டுடியோக்காரர்கள் 4கே தரத்தில் இரண்டு மணி நேரப் படமாகத் தந்தார்கள். கோப்பின் அளவு 72 ஜிபி. அவர்கள் தந்த ஹார்ட் டிஸ்க்கை டிவியில் செருகினால் டிவி அதைப் படிக்கவில்லை. மகன் அதைத் தன் மாடி அறைக் கணினியில் ஏற்றி, ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கீழே கூடத்து டிவியில் பார்க்கும்படி செய்துவிட்டு பெங்களூருவுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அவன் போன மறுநாளே தொல்லை தொடங்கியது. இரண்டு நிமிடம் நன்றாக ஓடும். பிறகு நடுவில் ஒரு வட்டம் சுற்றும். மறுபடி பத்து வினாடி ஓடும், நிற்கும். நாதஸ்வரம் துண்டு துண்டாகக் கேட்கும். சம்பந்தி வீட்டார் புதுச்சேரியிலிருந்து படம் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை காசி யாத்திரை புறப்பட்டு, குடையை விரித்தவர் விரித்தபடியே நின்றுவிட்டார். இத்தனைக்கும் அதே டிவியில் ஓடிடி படங்கள் துளி தடங்கலில்லாமல் ஓடின. அந்த ஒன்றை மட்டும் நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலையில்லை.

கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். மாடிக்குப் போய் ரூட்டர் பக்கத்தில் நின்று கைபேசியில் வேகத்தைச் சோதித்தான். வினாடிக்கு 96 மெகாபிட் என்று காட்டியது. எங்கள் திட்டமே 100தான். "சார், 4கே படத்துக்கு இது போதாது. 300க்கு மாற்றிவிடுங்கள்" என்றான். ஆறு மாத முன்பணம் 5,400 ரூபாய் அந்தக் கடை வழியாகவே கட்டினேன். வந்து பார்த்ததற்கு 500 தனி. படம் பழையபடியே நின்றது.

இரண்டாம் முறை வந்தபோது காரணம் மாறியது: "கடல் காற்று சார். உப்பு." எங்கள் ஊரில் எது கெட்டாலும் கடல் காற்றின் மேல் பழியைப் போடலாம், யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்தவர்கள் நாங்கள், காற்று என்றால் நம்பிவிடுவோம். உப்புக் காற்று செம்பு முனைகளைப் பச்சை பூக்க வைக்கும், உண்மை. அது காற்றில் வரும் வைஃபையை மெதுவாக்காது என்பதை எனக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை.

6,500 ரூபாய்க்குப் புது ரூட்டர் வந்தது. அட்டைப்பெட்டியில் 4கே என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அதைப் பார்வைக்குத் தெரியாமல் இரும்பு பீரோவுக்குப் பின்னால் மாட்டினார்கள். பலனில்லை. மாடிப்படியில் 2,200 ரூபாய்க்கு ஒரு ரிப்பீட்டர், அதாவது வைஃபையை வாங்கித் தொலைவுக்குத் திருப்பி அனுப்பும் பெட்டி, வந்தது. முன்பு இரண்டு நிமிடம் ஓடியது இப்போது ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. அந்த வகை மலிவான ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி, அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும். ஆகவே வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும் என்று இப்போது தெரியும்.

மூன்றாம் முறை, "வயர் இழுத்தால்தான் சார் நிரந்தரத் தீர்வு" என்றான். கேட் 6 கேபிள், மீட்டர் 30 ரூபாய், 40 மீட்டர், 1,200. கூலி 1,500. "ஒரிஜினல் காப்பர்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினார்கள். அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறேன், நல்லவேளை.

கேபிள் போட்ட பிறகு படம் ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும். காப்பு கட்டியது, மாலை மாற்றியது எல்லாம் ஓடியது. மாங்கல்ய தாரணத்தில் நின்றது. பின்னால் தள்ளிப் போட்டால் அதே இடத்தில் மறுபடி நின்றது. ஒருமுறை அல்ல, எத்தனை முறை போட்டாலும் அட்சதை விழ ஆரம்பித்ததும் படம் உறைந்துவிடும். மாப்பிள்ளையின் கை மகளின் கழுத்தருகே அப்படியே நிற்கும். "நல்ல நேரத்தில் இப்படி நிற்கிறதே" என்று என் மனைவி டிவியை அணைத்துவிட்டாள்.

இதைச் சொன்னதும் கடைக்காரரே நேரில் பேசினார். "அப்படியானால் டிவிதான் சார் பழுது. எக்ஸ்சேஞ்சில் புதியது தருகிறேன்." அங்கேதான் எனக்கு விழிப்பு வந்தது. மூன்று வருட டிவி. ஒரு நிலத்தில் ஒரே ஆள் மூன்று முறை வில்லங்கம் காட்டி ஒவ்வொரு முறையும் தானே தீர்த்து வைக்கிறேன் என்றால் எந்தப் பத்திர எழுத்தனும் சந்தேகப்படுவான்.

தங்கை மகன் புதுச்சேரியில் பொறியியல் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் ஒன்றைத்தான் கேட்டான்: "மாமா, படம் மாடியில் இருக்கிறது, டிவி கீழே இருக்கிறது. இது வீட்டை விட்டு வெளியிலேயே போகவில்லை. இணையத் திட்டத்தை எதற்கு மாற்றினீர்கள்?" எனக்குப் பதில் வரவில்லை. மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக் குழாய்க்குத் தண்ணீர் சொட்டுகிறது என்றால், தெருவில் நகராட்சிக் குழாயைப் பெரிதாக்கி என்ன பயன் என்றான். 5,400 ரூபாய் தெருக் குழாய்க்குப் போயிருந்தது.

பிறகு கேபிளை டிவியிலிருந்து பிடுங்கித் தன் மடிக்கணினியில் செருகினான். இணைப்பு வேகம் 100 என்று காட்டியது. மாடிக்குப் போய்த் தன் பையிலிருந்த குட்டிக் கேபிளால் அதே ரூட்டரில் இணைத்தான். 1,000 என்று காட்டியது. ஐபெர்ஃப் என்ற சிறு நிரலை ஓட்டி அளந்தபோது எங்கள் 40 மீட்டர் கேபிள் 94 மெகாபிட்டுக்கு மேல் ஏறவில்லை.

கேபிள் முனையிலுள்ள பிளாஸ்டிக் பிளக் கண்ணாடி போன்றது, உள்ளே இருப்பது தெரியும். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நான்கு: ஆரஞ்சு, பச்சை, அவற்றின் வெள்ளைக்கோட்டுத் துணைகள். நீலத்தையும் பழுப்பையும் வெட்டி உறைக்குள் மடக்கிவிட்டிருந்தார்கள். கேமராவுக்கு நான்கு கம்பி போதும், 100 மெகாபிட் அதிலேயே ஓடும். ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். கேமரா மாட்டிப் பழகிய கை அதே பழக்கத்தில் மாட்டியிருக்கிறது. அடுத்து, வெட்டிப் போட்ட நீலக் கம்பியின் தோலை உரித்து, அருவாமனையில் லேசாகச் சுரண்டினான். செம்பு நிறம் பொடியாக உதிர்ந்தது, அடியில் வெள்ளையாக அலுமினியம். மேலுறையில் மீட்டருக்கு ஒருமுறை சிசிஏ என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து அச்சிட்டிருந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்று அதற்கு அர்த்தமாம். கேட் 6 என்ற பெயருக்கு உரிய தரத்தில் முழுச் செம்புதான் இருக்க வேண்டும். நான் அந்த மூன்று எழுத்தைப் படிக்கவே இல்லை. பத்திரத்தில் இப்படி ஒரு வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் கட்சிக்காரரை நானே திட்டியிருப்பேன்.

இருந்தாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும்: அட்சதையில் படம் நின்றதற்குக் கேபிள் காரணமல்ல. டிவியின் கையேட்டை எடுத்துப் பார்த்தான். எங்கள் டிவியில் அந்தக் கேபிளைச் செருகும் லேன் துளையே 100 மெகாபிட்தான். நிறைய டிவிகளில் இப்படித்தான் இருக்கிறதாம், விலை கூடியவற்றிலும். எட்டுக் கம்பியைத் தங்கத்திலேயே போட்டிருந்தாலும் இந்த டிவி 94ஐத் தாண்டாது. இதைக் கேபிள் விற்கும் முன்பே அவர்கள் பார்த்திருக்க வேண்டாமா?

எங்கள் கோப்பு சராசரியாக வினாடிக்கு 80 மெகாபிட் எடுக்கிறது. சராசரிதான் 80. ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் காட்சியில் குறைவாக எடுக்கும். திரை முழுவதும் பொடிப்பொடியாக அசைந்தால் அள்ளிக்கொண்டு எடுக்கும். அட்சதை, பூ, அடுத்த ஜோடிக்குத் தூவியது இந்தப் பக்கம் வந்து விழுவது, பின்னால் நூறு தலைகள்: அந்த இடத்தில் 120ஐத் தாண்டுகிறது. 94 போகும் வழியில் 120 வந்தால் நிற்காமல் என்ன செய்யும்? ஓடிடி படம் ஏன் நிற்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படத்துக்குக் கேட்பதே 15 மெகாபிட்தான். வழி குறுகினால் தரத்தைக் குறைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடும். எங்கள் கோப்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

இங்கே இன்னொரு குழப்பமும் இருந்தது. கணினி கோப்பைப் பிரதி எடுக்கும்போது காட்டுவது மெகாபைட், கடைக்காரர்கள் சொல்வது மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். நிலம் அளக்கும் குழிக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும் என்று தெரிந்த எனக்கு இது உறைக்காமல் போய்விட்டது.

சரிசெய்தது எப்படி என்றால், ரூட்டரை பீரோவுக்குப் பின்னாலிருந்து கழற்றி மாடிப்படியின் தலைமாட்டுச் சுவரில் மாட்டினான். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால் டிவி இத்தனை நாளும் நெரிசலான 2.4ஐயே பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து டிவியை 5இல் சேர்த்தான். ரிப்பீட்டரைப் பிடுங்கினான். லேன் கேபிளைக் கழற்றினான். டிவி இருக்கும் இடத்தில் மடிக்கணினியை வைத்து அளந்தபோது 280 வந்தது. வயரைவிட வைஃபை வேகம் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் துளைப்பதில் சோடை. எங்கள் வீட்டில் படிக்கட்டு திறந்திருப்பதால் தப்பித்தோம். பழைய தடிச்சுவர் வீட்டில் இது நடக்காமல் போகலாம்.

இதோடு இரவில் கணினியை ஓடவிட்டு, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அதே படத்தை ஹெச்.265 என்ற சுருக்கும் முறையில் 25 மெகாபிட் பிரதியாகவும் எடுத்துத் தந்தான். 72 ஜிபி சுமார் 22 ஆகியது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மகன் மட்டும் பெங்களூருவிலிருந்து, பார்க்காமலேயே, தெரிகிறது என்கிறான்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலைக்கு வந்தால், படம் வெளியிலிருந்து வருகிறதா வீட்டுக்குள்ளிருந்தே வருகிறதா என்று அவர் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்காமல் வேகச் சோதனையைத் திறந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம். கேபிள் வாங்கினால் மேலுறை எழுத்தைப் படியுங்கள், பிளக்கில் எட்டு நிறத்தையும் எண்ணுங்கள். திரையின் அடியில் வசன வரிகளைப் (சப்டைட்டில்) போட்டால் மட்டும் படம் திக்குகிறதென்றால், அது பெரும்பாலும் கணினி படத்தை அந்த நேரத்திலேயே மாற்றி எழுதத் திணறுவது. அதற்கு ரூட்டர் வாங்கிப் பயனில்லை. பில் கேளுங்கள். நான் கேட்டபோது "ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் கூடும் சார்" என்றார்கள், துண்டுச்சீட்டோடு வந்துவிட்டேன். நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

வெட்டிய கேபிள் முனையைச் செய்தித்தாளில் மடித்துக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லோரும் இதைத்தான் சார் போடுகிறார்கள்" என்றார். வாட்ஸ்அப்பில் "ஒரிஜினல் காப்பர்" என்று இருந்ததைக் காட்டினேன். சற்று நேரம் கழித்து 1,200 ரூபாயை மட்டும் கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுத்தார். மூன்று முறை வந்ததற்கு வாங்கிய 1,500, கூலி, ரிப்பீட்டர் பற்றிப் பேச்சே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய யுபிஐ விவரமும் வாட்ஸ்அப் செய்தியும் இருக்கின்றன. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. மனுவை நானே எழுதுவேன், அதற்கு ஆள் வைக்க வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் என் மனைவி படத்தை முதலிலிருந்து போட்டாள். மாங்கல்ய தாரணம் நிற்காமல் ஓடியது. இவள் திரையின் ஓரத்தைக் காட்டி, "இங்கே பாருங்கள், பக்கத்து ஜோடிக்குப் போட வேண்டிய அட்சதையை உங்கள் அண்ணன் போட்டுக்கொண்டிருக்கிறார்" என்றாள். பார்த்தேன். அண்ணன்தான்.