ஷூவா, சைக்கிளா? சூரியநெல்லிக்கு லீவில் வருகிறவர்களுக்கு

எங்கள் வீடு மூணாறு பக்கத்துச் சூரியநெல்லியில். மே மாதமும் பூஜை லீவும் வந்துவிட்டால் தேனி, மதுரை, கோயம்புத்தூர் என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக மலையேறி வருவார்கள். முன்பெல்லாம் வருகிறவர்கள் ஸ்வெட்டரும் முறுக்கும் கொண்டு வந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மதுரை மச்சான், அடியில் பல் பல்லாக இருக்கும் ஓட்ட ஷூவோடு வந்து இறங்கினார். அதே வாரம் கோவையிலிருந்து சித்தப்பா பையன், எனக்குத் தம்பி முறை, கார் கூரையில் மலை சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தான். இந்த மலைக்கு எது சரி என்று இருவருக்கும் ஐந்து நாள் வாய்த்தகராறு. நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். காலையில் ஒருவரோடு ஓடி, மறுநாள் இன்னொருவனின் சைக்கிளை வாங்கி மிதித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகும் இரண்டையும் விட்டபாடில்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு இரண்டு ராத்திரி தங்க வருகிறவர் ஷூ கொண்டு வரட்டும். நான்கு நாள் கையில் இருந்து, கூட வருகிறவர்களும் சைக்கிள்காரர்களாக இருந்தால் மட்டும் சைக்கிள்.

முதல் காரணம், வந்து சேர்வது. ஷூவைப் பையில் திணித்தால் வேலை முடிந்தது. சைக்கிளை போடிமெட்டு வளைவுகள் வழியாகக் கொண்டு வருவது தனி வித்தை. பஸ் கூரையிலோ கார் கூரையிலோ போட்டால் கியர் மாற்றும் பாகத்தைத் தாங்குகிற ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு வளைந்துவிடும். ஒவ்வொரு மாடலுக்கும் அது ஒவ்வொரு வடிவம். இங்கே பஞ்சர் ஒட்ட ஆள் உண்டு, செயின் மாட்டவும் ஆள் உண்டு. ஆனால் எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் காற்று புகுந்தால் மலை இறங்கித்தான் தீர்வு தேட வேண்டும். தம்பியின் முதல் நாள் முழுக்க அந்த ஹேங்கரை ஸ்பானர் வைத்து நிமிர்த்துவதிலேயே போனது. வாடகைக்கு எடுக்கிறவர்கள் மறக்காமல் இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்து, சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

எந்தப் பாதை யாருக்கு

இந்தப் பக்கம் மூன்று வகைப் பாதை உண்டு. தார் ரோடு, எஸ்டேட் ரோடு, ஒற்றையடிப்பாதை.

தார் ரோட்டைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85, மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு வழியாகத்தான் போகிறது. சீசனில் அதில் ஓடுவதும் சரி, மிதிப்பதும் சரி, டெம்போ டிராவலர் புகையை முகர்வதற்குச் சமம். விடிகாலையில் ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்புகள் வேறு. அந்த டிரைவர்களுக்கு வளைவு ஒவ்வொன்றும் கண்ணை மூடினாலும் தெரியும். நீங்கள் அங்கே நிற்பீர்கள் என்பது மட்டும் தெரியாது.

எஸ்டேட் ரோடு சைக்கிளுக்கென்றே போட்டது மாதிரி இருக்கும். தேயிலைக் கொழுந்து ஏற்றும் வண்டி திணறாமல் ஏற வேண்டும் என்று மலையைச் சுற்றிச் சுற்றி வெட்டியது. ஏற்றம் அளவாக இருக்கும், கல் பாவியிருக்கும், வண்டி குறைவு. ஓட்டக்காரருக்கு அதே ரோடு கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும். மச்சான் ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் அதே தேயிலைச் சரிவின் மறுபக்கத்தில்தான் இருந்தார். தம்பி அதற்குள் ஒரு மலை தாண்டி, எஸ்டேட்டின் அடுத்த பகுதியான டிவிஷனின் டீக்கடையில் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தான். ஒரே காலையில் இரண்டு மூன்று பள்ளத்தாக்கு பார்க்கலாம் என்பது சைக்கிளின் பெரிய பலம். அதை ஷூவால் ஈடுகட்டவே முடியாது.

ஒற்றையடிப்பாதைக்கு வந்தால் கதை மாறிவிடும். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து தேயிலைக் காட்டுக்கும், பள்ளிக்கூடத்துக்கும், கோயிலுக்கும் தொழிலாளர்கள் காலால் போட்ட குறுக்கு வழிகள் இவை. மண்ணில் வெட்டிய படி, நடுவில் கானு என்ற வாய்க்கால், குறுக்கே ஒரு மரத்துண்டுப் பாலம் என்று போகும். மலை சைக்கிளின் ஹேண்டில்பார் முக்கால் மீட்டர் அகலம். கொழுந்து பறிக்கும் பெண்கள் உடம்பைத் திருப்பித் திருப்பிப் போகிற தேயிலை இடுக்கில் அது எப்படி நுழையும்? போதாததற்கு, செடியை மட்டமாக வெட்டிவிடும் கவாத்து முடிந்த தேயிலைக் காடாக இருந்தால் வெட்டுப்பட்ட கிளைகள் முளைக்குச்சி மாதிரி நிற்கும். அதில் விழுந்தால் உடம்பில் எங்கே குத்தும் என்று சொல்ல முடியாது. தம்பி அரை கிலோமீட்டர் தூரம் சைக்கிளைத் தோளில் சுமந்தான். எதிரே வந்த ஒரு பாட்டி, "ஏய்யா, அது உன்னயச் சுமக்குமா, நீ அதச் சுமப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கொழுக்குமலை ரோடு இந்த மூன்றிலும் சேராது. அங்குள்ள தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், வண்டி போகும் வழி இருப்பது எங்கள் சூரியநெல்லியிலிருந்து. 8,000 அடியை ஒட்டிய உயரம். ஜீப் மட்டும் போகிற வழி, உருளைக்கல் முழுக்க. ஏறும்போது சைக்கிளின் பின் சக்கரம் கல்லில் சுழன்று சுழன்று நின்றது. பக்கத்தில் வேகமாக நடந்து வந்த மச்சான் அவனைத் தாண்டிப் போய் ஒரு வளைவில் உட்கார்ந்து காத்திருந்தார். இறங்கும்போது தம்பி சிரித்துக்கொண்டே பறந்தான், மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். ஏற்றம் காலுக்கு, இறக்கம் சக்கரத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீப்புகள் சூரிய உதயத்துக்கு வரிசை கட்டும் நேரத்தில் அந்த வழியில் இரண்டுமே வேண்டாம்.

உடம்பு என்ன சொல்லும்

சமவெளியில் பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடுகிறவர் இங்கே வந்து அதே கணக்கைப் போட்டால் ஏமாந்துபோவார். மலைப்பாதை ஓட்டத்துக்கான சர்வதேசச் சங்கம் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது: 100 மீட்டர் ஏற்றம் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குச் சமம். 10 கிலோமீட்டரில் மொத்தம் 600 மீட்டர் ஏறினால் அதை 16 கிலோமீட்டர் என்று எண்ண வேண்டும். இதில் மூச்சு சேரவில்லை. கொழுக்குமலை உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. மச்சான் முதல் நாள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடினார். இரண்டாம் நாள் கடிகாரத்தைக் கழற்றி அத்தையிடம் கொடுத்துவிட்டார்.

ஓட்டத்தில் பலரும் எதிர்பார்க்காதது இறக்கத்தின் வலி. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. அப்படி வேலை செய்கிற தசையில்தான் சேதம் அதிகம். வலி அன்றைக்கே வராது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வரும். லீவின் முதல் நாளே ஆசைப்பட்டு நீண்ட இறக்கம் ஓடினால், மூன்றாம் நாள் பிள்ளைகள் குண்டளை அணைக்குக் கூப்பிடும்போது வேனிலிருந்து பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டியிருக்கும். மச்சான் அப்படித்தான் இறங்கினார்.

சைக்கிளில் தொடை பிழைக்கும், விரல்கள் போகும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் விரல் மரத்துப்போவதோடு பிரேக்கும் சூடேறும். மலை சைக்கிள் விளையாட்டு பிறந்த கதையே இந்தச் சூட்டில்தான் இருக்கிறது. 1976இல் கலிபோர்னியாவில் டமால்பாய்ஸ் மலைப் பக்கம் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் இறக்கப் பந்தயம் வைத்தார்கள். மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் 400 மீட்டர் இறக்கம். கீழே வருவதற்குள் பின்சக்கர பிரேக்கிலிருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் விழுந்தது. இன்றைக்கு டிஸ்க் பிரேக் வந்துவிட்டது, இருந்தாலும் விதி அதேதான். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடி, பிறகு விட்டுவிடு.

விழுந்தால்? ஓடுகிறவர் பெரும்பாலும் கணுக்காலைச் சுளுக்கிக்கொள்வார், நொண்டியபடியாவது வீடு வருவார். சைக்கிள்காரர் வேகத்தோடு விழுவதால் காறை எலும்பு, மணிக்கட்டு என்று போகும். இந்த மலையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி என்பது வளைவுகள் நிறைந்த நீண்ட ஜீப் பயணம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யானை, அட்டை, நாய்

சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் வருகிறவர்கள் யானை விஷயத்தைப் படிக்காமல் தாண்டிப் போகக் கூடாது. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்து பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானை, மே மாதம் கம்பம் தெருவில் நடந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஜூனில் தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டு போய் விட்டது. அவன் போனதால் இங்கே யானை தீர்ந்துவிடவில்லை. சைக்கிளின் ஆபத்து, அது சத்தமில்லாமல் வேகமாக வளைவு திரும்புவது. நீங்கள் யானையைப் பார்க்கும்போது இடைவெளி இருக்காது. ஏற்றத்தில் சைக்கிளைத் திருப்பித் தப்புவது நடக்காத காரியம். ஓடுகிறவருக்குக் காதும் மூக்கும் வேலை செய்யும், நின்று கேட்கவும் முடியும். ஆனாலும் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடினால் அந்தச் சாதகமும் போச்சு. வெயில் வந்த பிறகு கிளம்புங்கள், அஞ்சு மணிக்குள் வீடு திரும்புங்கள். கிளம்பும் முன் டீக்கடையில், "அண்ணே, இன்னைக்கு எந்தப் பக்கம் நிக்குது?" என்று கேளுங்கள். எந்த ஆப்பிலும் அந்தத் தகவல் கிடைக்காது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழையில் அட்டை. ஓடிக்கொண்டே இருந்தால் குறைவாக ஏறும், நின்றால் ஏறும். பஞ்சர் ஒட்ட ஏலக்காட்டு ஓரத்தில் உட்கார்ந்த தம்பியின் காலில் பதினொன்று எண்ணினோம். உப்புப் பொட்டலம் இருவருக்கும் கட்டாயம். நாய் விஷயத்தில் மட்டும் சைக்கிள் பாவம். லயத்து நாய்களுக்கு ஓடுகிற காலைவிடச் சுழல்கிற சக்கரத்தின் மேல் கோபம் அதிகம்.

அனுமதி

இதில் இருவருக்கும் ஒரே நிலைமைதான். மதிகெட்டான் சோலை, பாம்பாடும் சோலை, இரவிகுளம் எல்லாம் தேசியப் பூங்காக்கள், நினைத்தபடி ஓடவோ மிதிக்கவோ முடியாது. மீசைப்புலிமலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு நடந்து போகலாம். மூணாறிலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் பழைய எஸ்கேப் ரோடு சைக்கிள்காரர்களின் கனவு. 1990இலேயே மூடியாகிவிட்டது, வரைபடத்தில் கோடு தெரிகிறதே என்று கிளம்பாதீர்கள். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியையும் அனுமதியில்லாமல் தொடாதீர்கள். 2018 மார்ச் 11இல் அந்தச் சரிவில் பிடித்த தீயில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாசி, பங்குனியில் அந்தப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

எஸ்டேட் நிலம் கம்பெனி நிலம். ஆபீஸிலோ வாட்சரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். மருந்து அடிக்கிற நாளாக இருந்தால் அந்தக் காட்டுப் பக்கமே போக வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்கள்

கடைசியில் என் தீர்ப்பு சாய்ந்தது இங்கேதான். மச்சான் ஏழு மணிக்குக் கிளம்பி ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுவார். அக்கா அப்போதுதான் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டிருப்பாள், இட்லி ஆறியிருக்காது. தம்பியின் சவாரி அரை நாள். அப்புறம் சேறு கழுவ ஒரு மணி நேரம், செயினுக்கு எண்ணெய், பிரேக் பேடைத் துடைப்பது. மூன்றாம் நாள் அத்தை அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார்: "ஏண்டா தம்பி, குளிக்க வச்ச வெந்நியவாடா சைக்கிளுக்கு ஊத்துற?" அதற்கு மேல் அவனுக்கு அந்த வீட்டில் ஓட்டு விழவில்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மலைப்பாதை ஷூ பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஈரக்கல்லில் பிடிக்க, அடியில் நாலைந்து மில்லிமீட்டர் பல் இருந்தால் போதும். இந்த இறக்கங்களை நம்பி இறங்கக்கூடிய சைக்கிளுக்கு அதைப்போல நான்கைந்து மடங்கு ஆகும்.

சைக்கிள்தான் வேண்டும் என்று இருப்பவர்கள் கேரளத்தின் வேறு மூலைகளையும் யோசிக்கலாம். 2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் போட்டி நடந்தது திருவனந்தபுரத்தை ஒட்டிய பொன்முடியில்தான். எங்கள் பக்கம் அப்படிப் போட்டிக்கென்று போட்ட தடம் கிடையாது. இங்கேயே வருவதாக இருந்தால் டிசம்பர், ஜனவரியில் வாருங்கள். பூப்பாறையிலிருந்து சாந்தன்பாறை வழியாக உடும்பன்சோலை வரை மிதித்து, சதுரங்கப்பாறைக் காற்றாலைகளின் கீழே சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, மேட்டு விளிம்பில் நடந்து பாருங்கள். தேனி மாவட்டத்துச் சமவெளி முழுக்கக் காலடியில் விரிந்து கிடக்கும்.

தம்பி போன மாதம் போன் செய்தான். சைக்கிளைப் போன தடவையே எங்கள் திண்ணையில் விட்டுவிட்டுப் போயிருந்தான். "அண்ணே, இந்தத் தடவ பஸ்ல வர்றேன். ஹேங்கர் ரெண்டு வாங்கிட்டேன். ஷூவும் எடுத்துட்டு வர்றேன், அத்தகிட்ட சொல்லிரு" என்றான். மச்சானுக்கு இதைச் சொன்னேன். "அப்ப அவன் ஓடுறப்ப சைக்கிள் சும்மாதான இருக்கும்? காத்து இருக்கான்னு பாத்து வை, மாப்ள" என்றார்.