தோட்டத்து பழைய லெப்டொப்புக்கு மின்ட்டா, எம்எக்ஸா, லுபுண்டுவா?

2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா எங்க போனாலும் இதே கேள்விதான், "அண்ணே, 4 ஜீபி ரேம்ல ஒரு பழைய லெப்டொப் கெடக்கு, எந்த லினக்ஸ் போடலாம்?" யூடியூப்ல கேட்டா எல்லாரும் ரேம் கணக்குதான் சொல்வாங்க, எது கம்மியா தின்னுது எது கூட தின்னுதுன்னு, ஆனா பிரவுசர்ல நாலு டேப் தொறந்துட்டா அந்த வித்தியாசம் எல்லாம் காணாம போயிடும். மலையில நாம பாக்க வேண்டியது டேட்டாவையும் கரண்டையும்தான். ரீலோட் போட்டு போன் ஹொட்ஸ்பொட்ல ஓட்டுற வீடு, மழை காலத்துல லைன்ல மரம் விழுந்தா எப்ப வரும்னே சொல்ல ஏலாத கரண்ட், இத வச்சு பாத்தா கதை வேற மாதிரி போகுது.

மின்ட், எம்எக்ஸ், லுபுண்டு மூணுமே லினக்ஸ்ல வகைகள்தான், அதுல லுபுண்டுவ முதல்லயே ஒதுக்கிடுறேன். லேசானதுதான், எல்எக்ஸ்கியூடின்னு ஒரு பாரமில்லாத டெஸ்க்டொப், பழைய மெஷின்ல சுறுசுறுப்பா ஓடும், அதுல சண்டை இல்ல. பிரச்சினை என்னன்னா ஃபயர்பொக்ஸ் பிரவுசர் அதுல ஸ்னாப்ங்கிற பேக்கேஜ் முறையில வருது, ஸ்னாப் ஒரு நாளைக்கு நாலு தடவ அப்டேட் இருக்கான்னு தானாவே பாக்கும், இருந்தா கேக்காமலே இறக்கும். ஃபைபர் வீட்டுல இது தெரியவே தெரியாது, ஆனா ஏ.எல் புள்ளைக்கு சூம் கிளாஸ் நடுவுல டேட்டா முடியும்போது நல்லா தெரியும். நிறுத்தி வைக்க கமாண்ட் இருக்கு, சரி, அத அந்த வீட்டுல யாரு டைப் பண்றது? அதோட லுபுண்டு 24.04க்கு சப்போர்ட் 3 வருசம்தான், 2027 ஏப்ரல் வரைக்கும். அதே உபுண்டு 24.04 மேல நிக்கிற மின்ட் 22க்கு 2029 வரைக்கும் இருக்கு.

மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇங்கிற லேசான டெஸ்க்டொப் வர்ற எடிஷனத்தான் சொல்றேன், சின்னமன் எடிஷன் 4 ஜீபிக்கு கொஞ்சம் பாரம். ஸ்னாப்ப அவங்களே தடுத்து வச்சிருக்காங்க, ஃபயர்பொக்ஸ் சாதாரண பேக்கேஜா வரும், அப்டேட் மேனேஜர் இத்தனை எம்பின்னு காட்டும், பாத்துட்டு நைட் டேட்டாவுக்கு தள்ளி வச்சிக்கலாம். சொஃப்ட்வெயார் மேனேஜர்ல மட்டும் கவனம், ஒரே அப் ரெண்டு விதமா இருக்கும், ஃபிளாட்பேக்னு இருக்கிறத அமுக்கினீங்கன்னா முதல் தடவ அது ஓடுறதுக்கு வேண்டிய ரன்டைம் வேற சேந்து இறங்கும், ஒரு சின்ன அப்புக்கு நூத்துக்கணக்குல எம்பி போயிடும்.

மின்ட்ட நான் விடாம இருக்கிறதுக்கு காரணம் கரண்ட். பழைய லெப்டொப்ல பேட்டரி எப்பவோ செத்திருக்கும், ப்ளக்ல இருந்தாதான் உசிரு, அப்டேட் பாதியில கரண்ட் போனா பேக்கேஜ் அரைகுறையா நின்னு டெஸ்க்டொப்பே வராம போகலாம். மின்ட்ல பூட் ஆகும்போது எஸ்கேப்போ ஷிஃப்ட்டோ அமுக்கி, அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் போய், ரெக்கவரி மோட எடுத்தா ஒரு மெனு வரும், அதுல டிபிகேஜின்னு ஒரு வரி, என்டர் அடிச்சா அதுவே சரி பண்ணப் பாக்கும். போன்லயே "கீழ போ, இன்னும் கீழ, ஆ அதான்"னு சொல்லி முடிச்சிடலாம். எம்எக்ஸ்ல அந்த மெனு இல்ல, கருப்பு ஸ்கிரீன்ல ரூட்டா, அதாவது அட்மினா, போய் கமாண்ட் அடிக்கணும், பொகவந்தலாவையில இருக்கிற பெரியம்மாவுக்கு போன்ல அந்த கமாண்ட்ல வர்ற ரெண்டு மைனஸ் சொல்லி குடுத்து பாருங்க, அப்ப புரியும்.

ஆனா எம்எக்ஸ்கிட்ட ஒரு சாமான் இருக்கு, அதுக்கு மத்த ரெண்டும் பதில் சொல்ல ஏலாது. எம்எக்ஸ் ஸ்னாப்ஷொட். ஒரு மெஷின்ல லிப்ரே ஒஃபிஸ், தமிழ் டைப்பிங், பிரின்டர் டிரைவர், எல்லா அப்டேட்டும் போட்டு முடிச்சிட்டு அந்த மெஷின அப்படியே ஐஎஸ்ஓவா, அதாவது இன்ஸ்டோல் பண்ற ஒரே ஃபைலா, எடுத்துடலாம். எடுக்கும்போது அக்கவுன்ட்ட ரீசெட் பண்ற ஒப்ஷன கட்டாயம் தெரிவு செய்யுங்க, இல்லன்னா உங்க பாஸ்வேர்ட், போட்டோ, எல்லாம் அடுத்த வீட்டுக்கு போயிடும். அப்புறம் பென்ன தூக்கிட்டு போய் அஞ்சு லெப்டொப்புக்கு போட்டாலும் அங்க டேட்டா செலவு இல்ல. ஐஎஸ்ஓவ ஃபைலா காப்பி பண்ணி வச்சுக்க பாத்தா, 4 ஜீபி தாண்டினா ஃபெட்32 பென்ல காப்பி ஆகாது, எக்ஸ்ஃபெட் ஆக்கிக்கோங்க. மின்ட்ல டைம்ஷிஃப்ட் இருக்கேன்னு சொல்வீங்க, அது அதே மெஷின பின்னுக்கு கொண்டு போறதுக்கு, இன்னொரு மெஷினுக்கு போடுறதுக்கு இல்ல.

தமிழ் டைப்பிங்ல ரெண்டும் சமம், ஐபஸ்ங்கிற டைப்பிங் சொஃப்ட்வெயாரோட எம்17என் போட்டா தமிழ்99, ரெங்கநாதன், பொனெடிக் எல்லாம் வரும். டீச்சர்மாருக்கு வர்ற தலைவலி வேற, பாமினிங்கிற பழைய தமிழ் ஃபொன்ட். ஸ்கூல் பேப்பர் எல்லாம் வருசக்கணக்கா பாமினில அடிச்சது, லினக்ஸ்ல தொறந்தா "அம்மா" இருக்க வேண்டிய இடத்துல இங்கிலீஷ் எழுத்தும் நடுவுல ஒரு அரைப்புள்ளியும் நிக்கும், ஃபைல் கெட்டுப் போச்சுன்னு பயந்துடுவாங்க. ஒன்னும் கெடல, பாமினி ஃபொன்ட் ஃபைல விண்டோஸ்ல இருந்து எடுத்து, ஹோம்ல முன்னால புள்ளி வச்சு ஃபொன்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள வைங்க, லிப்ரே ஒஃபிஸ மூடி தொறந்தா தமிழ் வந்துடும்.

32 பிட் மெஷின், அந்த காலத்து குட்டி எட்டம் நெட்புக் மாதிரி, வச்சிருக்கவங்களுக்கு எம்எக்ஸ் 23 இருக்கு, எம்எக்ஸ் 25ல 32 பிட்ட நிறுத்திட்டாங்க. மின்ட் 22ம் லுபுண்டுவும் அதுல போடவே ஏலாது.

என் கணக்கு இதுதான்: தோட்டத்துல நாலு பேருக்கு போட்டு குடுக்கிற ஆளா இருந்தா எம்எக்ஸ். ஒரே ஒரு வீடு, போன்ல மட்டும்தான் உதவி கெடைக்கும்னா மின்ட். எது போட்டாலும் பழைய ஹார்ட் டிஸ்க்க கழட்டிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்க, இந்த மூணுக்கும் இடையில இருக்கிற வேக வித்தியாசத்த விட அதுல கெடைக்கிறது எத்தனையோ மடங்கு.

போடுறதுக்கு முன்னாடி லைவ்ல, அதாவது இன்ஸ்டோல் பண்ணாம பென்ல இருந்தே, பூட் பண்ணி வைஃபை வருதான்னு பாத்துடுங்க, வரலன்னா போன கேபிள்ல குத்தி யூஎஸ்பி டெதரிங் ஓன் பண்ணுங்க, அதுக்கு தனியா டிரைவர் தேவையில்ல. அப்பவும் சரி வரலன்னு உதவி கேக்கும்போது "வைஃபை வேலை செய்யல"ன்னு மட்டும் மெசேஜ் போடாதீங்க தம்பிமாரே, மின்ட்லயும் எம்எக்ஸ்லயும் மெஷின் விவரம் காட்டுற இன்க்ஸின்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது காட்டுற வைஃபை சிப் பேர போன்ல ஒரு போட்டோ எடுத்து சேத்து அனுப்புங்க.